இறைவனின் யோவான்: கிரனாடா நகரின் பழைய படைவீரர்

மார்ச் 8 என்றதும் நம் எல்லாருக்கும் அனைத்துலக மகளிர் தினம்தான் நினைவுக்கு வரும். திருஅவையின் நாட்காட்டியில் அதே நாள் ஒரு பழைய படைவீரரின் திருநாள். ஆங்கிலத்தில் ஜான் ஆஃப் காட் என்றும், தமிழில் இறைவனின் யோவான் என்றும் அழைக்கப்படும் இந்தப் புனிதரின் பெயரை நம்மில் பலர் மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளில்தான் பார்த்திருப்போம். நோயாளிகளின் பாதுகாவலர், மருத்துவமனைகளின் பாதுகாவலர், செவிலியரின் பாதுகாவலர் என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் அவர் இரண்டு முறை போருக்குப் போனவர், ஒரு முறை தூக்குக் கயிறு வரை போனவர், நாற்பத்து நான்கு வயதில் மனநோயாளர் விடுதியில் கட்டிவைத்து அடிக்கப்பட்டவர் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவரது திருநாள் பெரும்பாலும் தவக்காலத்தில் வந்துவிடுவதால், ஆரவாரமில்லாமல் கடந்துபோகிறது. இந்த வாரம் அவருடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

யோவான் பிறந்தது 1495ஆம் ஆண்டு, போர்த்துக்கல் நாட்டின் மொந்தேமோர்-ஓ-நோவோ என்ற ஊரில். எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வந்த ஒரு வழிப்போக்கரோடு எல்லை கடந்து ஸ்பெயின் நாட்டுக்குப் போய்விட்டார். மகனைக் காணாத துயரத்திலேயே தாய் விரைவில் இறந்துபோனார். தந்தை பிரான்சிஸ்கன் துறவு மடத்தில் சேர்ந்து தம் இறுதி நாட்களை அங்கே கழித்தார். இவை எதுவும் அந்தச் சிறுவனுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அவர் அதைக் கேட்டறிந்தார். அதுவரை ஒரொபேசா என்ற ஊரில், அங்கிருந்த சிற்றரசரின் மந்தைகளைக் கவனித்துவந்த தலைமை மேய்ப்பரின் வீட்டில் வளர்ந்து, ஆடு மேய்த்து வந்தார். நல்ல உழைப்பாளி, எல்லாரிடமும் நல்ல பெயர் எடுத்தவர் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1585ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த முதல் வரலாற்றை எழுதியவர், யோவான் நிறுவிய கிரனாடா மருத்துவமனையிலேயே அருள்பணியாளராக இருந்த பிரான்சிஸ்கோ தெ காஸ்த்ரோ. யோவானைக் கண்ணால் கண்ட பலர் உயிரோடு இருந்த காலத்தில், அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவர் அவர்.

மன்னர் ஐந்தாம் சார்லசும் பிரான்ஸ் நாட்டு மன்னர் முதலாம் பிரான்சிசும் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஸ்பெயினின் வட எல்லையில் உள்ள ஃபுவெந்தெராபியா கோட்டையை 1521ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை பிடித்துக்கொண்டது. அதை மீட்கப் புறப்பட்ட படையில் யோவானும் காலாட்படை வீரராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். ஆடுகளோடு காலம் கழித்தவருக்கு உலகத்தைப் பார்க்கும் ஆசை வந்தது இயல்புதான். பாசறையில் எல்லா இளைஞர்களும் கற்றுக்கொள்ளும் பழக்கங்களை அவரும் கற்றுக்கொண்டார். ஒரு நாள் உணவு தேடிவர, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஒரு குதிரைமீது ஏறிப் போனார். அந்தக் குதிரை தன் பழைய பாசறையின் வாடை கண்டதும் அந்தப் பக்கமே பாய்ந்தது. யோவான் பாறைகளின்மேல் தூக்கி எறியப்பட்டார். வாயிலும் மூக்கிலும் இரத்தம் வழிய, நீண்ட நேரம் நினைவில்லாமல் கிடந்தார். விழித்தபோது எதிரியின் கையில் சிக்கப்போகிறோம் என்ற அச்சத்தில் அன்னை மரியாவை நோக்கி மன்றாடியபடி, ஒரு கழியை ஊன்றிக்கொண்டு பாசறைக்குத் திரும்பினார். தலையில் பட்ட பழைய அடியைப் பற்றி இன்று படைவீரர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். அன்று யார் கேட்டார்கள்?

அந்தக் காயம் ஆறுவதற்குள் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. எதிரிகளிடமிருந்து கைப்பற்றிய பொருள்களைக் காவல் காக்கும் பொறுப்பை அவருடைய தலைவர் அவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்தப் பொருள்கள் திருடுபோயின. தலைவர் அவரது விளக்கத்தைக் கேட்கவில்லை, தூக்கிலிடும்படி ஆணையிட்டார். மற்ற வீரர்கள் கெஞ்சியும் பயனில்லை. அந்த வழியாக வந்த உயர்குடியினர் ஒருவர் பரிந்து பேசியதால் உயிர் மட்டும் தப்பியது. பாசறையைவிட்டு உடனே ஓடிவிட வேண்டும், மீண்டும் கண்ணில் படக்கூடாது என்பது நிபந்தனை. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போனவர், சொந்தப் படையின் கயிற்றிலிருந்து தப்பி, கையில் காசில்லாமல் நடந்தே ஊர் திரும்பினார். போரில் எதிரி தந்த காயத்தைவிடத் தம் மேலதிகாரிகள் தந்த அவமானமே தங்களை அதிகம் வருத்தியது என்று சொல்லும் படைவீரர்கள் இன்றும் உண்டு. அவர்களோடு பழகியவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

அக்காலத்தில் படையிலிருந்து வெளியேறியவருக்கு ஓய்வூதியம் கிடையாது. கை கால் போனவர் ஆலய வாசலில் பிச்சை எடுக்க வேண்டியதுதான். ஸ்பெயின் படைக்கென்று நிலையான மருத்துவமனை ஒன்று ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மெகலன் நகரில் 1585ஆம் ஆண்டில்தான் அமைந்தது. அதன் செலவுக்கும் வீரர்களின் ஊதியத்திலிருந்தே பிடித்தம் செய்தார்கள். முதிர்ந்த படைவீரர்கள் தங்குவதற்காகப் பாரிசில் பதினான்காம் லூயி மன்னர் பெரிய இல்லம் கட்ட ஆணையிட்டது 1670ஆம் ஆண்டு. இலண்டனில் செல்சி மருத்துவமனை நிறுவப்பட்டது 1682ஆம் ஆண்டு. யோவானின் தலைமுறைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

ஆகவே அவர் மீண்டும் ஆடு மேய்க்கப் போனார். சில ஆண்டுகள் கழித்து, துருக்கிப் பேரரசர் சுலைமான் வியன்னா நகரை நோக்கி வருகிறார் என்ற செய்தி பரவியது. 1532ஆம் ஆண்டு, ஒரொபேசா சிற்றரசரோடு யோவான் மீண்டும் படையில் சேர்ந்து ஐரோப்பாவின் மறுகோடிக்குப் போனார். தூக்குமேடையைப் பார்த்தவர் ஏன் மறுபடியும் போனார் என்று நமக்குத் தோன்றலாம். படையைவிட்டு வந்தபின் ஊர் வாழ்க்கையில் ஒட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு இது புரியும். பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. சுலைமானின் படை ஹங்கேரியில் கோசெக் என்ற சிறிய கோட்டையின் முன்னே வாரக்கணக்கில் தடைபட்டுப் பின்வாங்கியது. யோவான் கடல்வழியாக ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் இறங்கி, அங்கிருந்து நேராகத் தாம் பிறந்த ஊருக்குப் போனார். பெற்றோரின் முடிவை அவரது மாமா ஒருவர் சொல்லக் கேட்டது அப்போதுதான். தம்மாலேயே தாய் இறந்தார் என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரைவிட்டு அகலவில்லை. அந்த ஊரில் அவர் தங்கவும் இல்லை.

அதன்பிறகு ஆறேழு ஆண்டுகள் அலைச்சல்தான். செவில் நகருக்கு அருகில் ஒரு சீமாட்டியின் ஆடுகளை மேய்த்தார். பிறகு ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துக்கீசியரிடம் இருந்த சேயுத்தா கோட்டைக்குப் போய், மதில் கட்டும் வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். நாடு கடத்தப்பட்டு வறுமையில் வாடிய ஒரு குடும்பத்தைத் தம் கூலியைக் கொண்டு காப்பாற்றினார். அங்கும் மன நெருக்கடி வந்தது. உடன் வேலை செய்த நண்பர் ஒருவர் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் தப்பியோடி மதம் மாறியபோது, அதற்கும் தாமே காரணம் என்று யோவான் தம்மைத்தாமே வருத்திக்கொண்டார். அவரது ஒப்புரவைக் கேட்ட பிரான்சிஸ்கன் துறவி ஒருவர், அங்கிருந்தால் நிலை மேலும் மோசமாகும், ஸ்பெயினுக்குத் திரும்பிவிடும்படி கட்டளையிட்டார். ஆன்ம குருவாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் இன்னும் கடுமையான தவ முயற்சிகளைத் தண்டனையாக விதித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், இடத்தை மாற்றச் சொன்னார்.

ஜிப்ரால்டரில் இறங்கிய யோவான், சிறிது சிறிதாகச் சேர்த்த காசில் பக்தி நூல்களும் புனிதர் படங்களும் வாங்கி, தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். வீரதீரக் கதைப் புத்தகங்களும் அவரது மூட்டையில் இருந்தன. அவைதாம் நன்றாக விற்கும். 1538ஆம் ஆண்டு வாக்கில் கிரனாடா நகரில், எல்விரா வாசலுக்கு அருகில் ஒரு சிறு கடை போட்டார். வாழ்க்கை நிலைபெற்றுவிட்டது போலத் தோன்றியது.

1539ஆம் ஆண்டு சனவரி 20, புனித செபஸ்தியார் திருநாள். செபஸ்தியாரும் ஒரு படைவீரர்தாம் என்பதை நாம் அறிவோம். கிரனாடாவின் குன்றின்மேல் இருந்த மறைசாட்சியர் ஆலயத்தில் அன்று மறையுரை ஆற்றியவர் அவிலா யோவான். தென் ஸ்பெயின் முழுவதும் பேர்பெற்ற மறையுரையாளர் அவர்; 2012ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார். மறையுரை முடிவதற்குள் கூட்டத்திலிருந்த புத்தகக் கடைக்காரர் உரக்கக் கதறத் தொடங்கினார். இறைவனிடம் இரக்கம் கேட்டுக் கூவியபடி வெளியே ஓடினார். தரையில் விழுந்து புரண்டார், தலைமுடியையும் தாடியையும் பிய்த்துக்கொண்டார், சுவரில் முட்டிக்கொண்டார். கடைக்கு ஓடி, கதைப் புத்தகங்களைக் கிழித்தெறிந்தார். பக்தி நூல்களையும் படங்களையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். கடைசியில் உடுத்திய ஆடைகளையும் கொடுத்துவிட்டார். பைத்தியம், பைத்தியம் என்று சிறுவர்கள் கூவிக்கொண்டு கல்லும் சேறும் வீசிப் பின்தொடர்ந்தார்கள். சில நாட்கள் இப்படியே தெருக்களில் கழிந்தன. நல்லெண்ணம் கொண்ட இரண்டு பேர் அவரது கையைப் பிடித்து அரச மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அரச மருத்துவமனை என்றால் இன்று நாம் நினைப்பதுபோல் அல்ல. கத்தோலிக்க அரசர்களான பெர்டினாண்டும் இசபெல்லாவும் 1504ஆம் ஆண்டில் நிறுவிய பெரிய கட்டடம் அது. அதன் ஒரு பகுதியில் மனநோயாளர்களை அடைத்து வைத்தார்கள். ஆடையைக் களைந்து, கை கால்களைக் கட்டி, முடிச்சுப் போட்ட சாட்டையால் அடிப்பதுதான் சிகிச்சை. உடல் நோகும்போது அறிவு திரும்பும் என்பது அக்கால நம்பிக்கை. அடித்தவர்கள் கொடியவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தாங்கள் மருத்துவம் செய்வதாகவே அவர்கள் நம்பினார்கள். ஸ்பெயினில் நல்ல முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. தெருவில் ஒரு மனநோயாளியைச் சிறுவர்கள் அடிப்பதைக் கண்டு மனம் பதைத்த மெர்சிடேரியன் சபைத் துறவி ஜோஃப்ரே என்பவரின் முயற்சியால், 1409ஆம் ஆண்டிலேயே வலென்சியா நகரில் இத்தகையோருக்கான இல்லத்திற்கு வித்திடப்பட்டது. கிரனாடாவிலும்கூட, முஸ்லிம் அரசர் ஐந்தாம் முகமது 1360களில் கட்டிய மாரிஸ்தான் என்ற மருத்துவ இல்லத்தில் மனநோயாளர்களுக்கு இடம் இருந்தது. கிறிஸ்தவ அரசர்கள் நகரை வென்றபின் அந்தக் கட்டடத்தில் நாணயம் அச்சடித்தார்கள். நமக்குப் பெருமை தராத இந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யோவானுக்கு உண்மையிலேயே மனநோய் இருந்ததா? பழைய பக்தி நூல்கள் பல, அவர் தாழ்ச்சியின் பொருட்டுப் பைத்தியம்போல் நடித்தார் என்று எழுதின. காஸ்த்ரோவின் நூலிலேயே அதற்கான சாயல் உண்டு. ஒரு புனிதரின் அறிவு சற்றேனும் கலங்கியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள அக்காலத்தவருக்குத் தயக்கம். இக்காலத்தில் சிலர் மறுபக்கம் போய், இது இன்ன நோய்தான் என்று ஐந்நூறு ஆண்டு கழித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. சிறுவயதில் தாயைப் பிரிந்தவர், இரண்டு போர்களைக் கண்டவர், தலையில் அடிபட்டவர், செய்யாத குற்றத்துக்காகத் தூக்குக் கயிற்றின் முன் நின்றவர், தாயின் சாவைத் தம் குற்றமாகச் சுமந்தவர், ஒரு நாள் உடைந்துபோனார். அந்த உடைந்த இடத்தில் இறையருளும் செயல்பட்டது. இரண்டும் ஒன்றாக நடந்திருக்க முடியாது என்று எந்த இறையியல் சொல்கிறது? அருள் இயற்கையை அழிப்பதில்லை என்றுதான் நாம் படித்திருக்கிறோம்.

போர் மனிதனின் மனத்திலும் காயம் உண்டாக்கும் என்பதை மருத்துவ உலகம் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. அயல்நாட்டுப் படைகளில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து வீரர்கள் ஊர் நினைவால் உருகி நோயுற்றதைப் பற்றி 1688ஆம் ஆண்டில் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஆய்வேடு எழுதினார். முதல் உலகப்போரில் குண்டதிர்ச்சி என்ற பெயர் வந்தது. நடுங்கிய வீரர்கள் சிலர் கோழைகள் என்று சுட்டுக்கொல்லவும் பட்டார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு 1980ஆம் ஆண்டில்தான், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது. இன்னொன்றையும் இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வேலை, குழந்தைகள், குடும்பம் என்று ஓடிக்கொண்டிருந்தவரை அடங்கிக் கிடந்த போர் நினைவுகள், ஓய்வு பெற்றபின், மனைவி இறந்தபின், காதும் கண்ணும் மங்கியபின் திரும்பி வருவதுண்டு. எழுபது வயதில் ஒருவர் திடீரென இரவில் அலறி எழுந்தால், அவருக்கு வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். குடிப்பார், கோபப்படுவார், யாரோடும் பேசமாட்டார் என்பதோடு விட்டுவிடுகிறார்கள். வீடு சந்திக்கப் போகும் குருவிடம்கூட மனைவிதான், அதுவும் வாசல்வரை வந்து மெதுவான குரலில் சொல்வார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற அச்சம். கிரனாடாவில் கல்லெறிந்த சிறுவர்கள் இல்லாவிட்டாலும், அந்த அச்சம் நம்மிடையே இருக்கிறது.

யோவானிடம் திரும்புவோம். அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட அவிலா யோவான் ஆறுதல் சொல்லி ஆளனுப்பினார். நாட்கள் செல்லச் செல்ல அவர் அமைதி அடைந்தார். ஆனால் பக்கத்தில் கிடந்தவர்கள் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தம் சகோதரர்களை ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று காவலரிடம் கேட்டார். அதற்கும் சேர்த்து அடி வாங்கினார். கட்டு அவிழ்க்கப்பட்ட பிறகு, துடைப்பத்தை எடுத்து அறைகளைப் பெருக்கினார், கழிவுக் கலயங்களைக் கழுவினார், நோயாளிகளைக் குளிப்பாட்டினார். தமக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தால் ஏழைகளையும் அறிவு கலங்கியவர்களையும் தாம் விரும்பும் விதத்தில் கவனிக்கலாமே என்ற ஆசை அங்கேதான் அவருள் பிறந்தது. அந்த மே மாதத்தில், இறந்துபோன பேரரசி இசபெல்லாவின் உடல் தொலேதோவிலிருந்து அடக்கத்துக்காகக் கிரனாடாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த ஊர்வலத்தை யோவான் மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தார். உடலோடு வந்த பிரபு பிரான்சிஸ் போர்ஜியா, பேரரசியின் அழுகிய முகத்தைக் கண்டு மனம் மாறி, பின்னாளில் இயேசு சபையின் தலைவரானார். ஒரே வாரத்தில், ஒரே நகரில், சவப்பெட்டியின் அருகில் ஒருவரும் மனநோயாளர் விடுதியின் வாசலில் ஒருவருமாக இரண்டு புனிதர்கள்!

விடுதியிலிருந்து வெளியே வந்தவர் குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்துக்கு நடந்தே திருப்பயணம் போனார். திரும்பி வந்தபோதும் கிரனாடா மக்களுக்கு அவர் பைத்தியம்தான். காட்டில் விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வந்து நகரில் விற்றார். முதல் நாள் வெட்கத்தால் நகர வாசலிலேயே விறகைப் போட்டுவிட்டார். சில நாட்களில் அந்த வெட்கமும் போயிற்று. விற்ற காசில், இரவில் தெருவோரம் கிடந்தவர்களுக்கு உணவு வாங்கிக் கொடுத்தார். பிறகு சிலரது உதவியோடு, மீன் சந்தைக்கு அருகில் லுசேனா தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கோரைப் பாய்களும் பழைய போர்வைகளும் வாங்கிப் போட்டார். நடக்க முடியாதவர்களைத் தம் முதுகில் சுமந்து வந்தார். வந்தவரின் கால்களை முதலில் கழுவினார், உணவு கொடுத்தார், பிறகு குருவை அழைத்துவந்து ஒப்புரவு அருளடையாளம் பெறச் செய்தார். இந்த வரிசையை மாற்றாமல் கடைப்பிடித்தார்.

இடம் போதாமல், சில ஆண்டுகளில் கோமெரெஸ் மேட்டுத் தெருவில் இருந்த பெரிய கட்டடத்துக்கு மாறினார். அங்கே நோய்வாரியாக நோயாளிகளைப் பிரித்து வைத்தார். வழிப்போக்கர்களும் வீடற்றவர்களும் படுக்கத் தனிக் கூடம், குளிர்காய நடுவில் நெருப்பு. அவர் சொல்லி எழுதுவித்த கடிதங்களில் ஆறு இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றில், அந்த வீட்டில் 110 பேருக்கு மேல் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார். முடவர், கை இழந்தவர், தொழுநோயாளர், பேச முடியாதவர், அறிவு கலங்கியவர், வாத நோயாளர், தோல் நோயாளர், தளர்ந்த முதியோர், சிறுவர் என்று வரிசைப்படுத்துகிறார். கையும் காலும் எங்கே இழந்தார்கள் என்று அந்தக் கடிதம் சொல்வதில்லை. யோவானும் யாரையும் அப்படி விசாரித்ததாகத் தெரியவில்லை. அறிவு கலங்கியவர்களை மற்ற நோயாளிகளின் வரிசையிலேயே, அவர்களில் ஒருவராக அவர் எண்ணியிருக்கிறார். சாட்டை அந்த வீட்டுக்குள் வரவில்லை.

இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வரும்? மாலை மங்கியதும் முதுகில் கூடையும், தோளில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இரண்டு பானைகளுமாக யோவான் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். மழையானாலும் பனியானாலும் இது தவறியதில்லை. அவர் பிச்சை கேட்ட முறையே தனி. ஏழைக்குக் கொடுங்கள் என்று கேட்காமல், உங்களுக்கு நீங்களே நன்மை செய்துகொள்ளுங்கள் என்ற பொருள்படக் கூவிக்கொண்டே போவார். ஆனாலும் கடன் ஏறிக்கொண்டே போனது. மேற்சொன்ன அதே கடிதத்தில் 200 துக்காத்துக்கு மேல் கடன் என்று வருந்துகிறார். கடன்காரர்களுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே போகத் தயங்கிய நாட்களும் உண்டு. 1548ஆம் ஆண்டு, அரசவை இருந்த வயதொலித் நகருக்கு நடந்தே போய் இளவரசர் பிலிப்பிடம் உதவி கேட்டார். நல்ல தொகை கிடைத்தது. அதை வயதொலித் நகரிலேயே அங்கிருந்த ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்! கூட வந்தவர் கேட்டபோது, இங்கே கொடுத்தாலும் அங்கே கொடுத்தாலும் கொடுப்பது இறைவனுக்குத்தானே என்ற பொருளில் பதில் சொன்னாராம். பங்கின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் நிதிக்குழுவினர் இந்தப் புனிதரோடு ஒரு மாதம்கூட வேலை செய்திருக்க முடியாது.

யாரைப் பார்த்தாலும் தம் ஆடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கந்தலோடு வருவதைப் பார்த்த ஆயர் ஒருவர், அவருக்கு ஓர் எளிய துறவு உடையை உடுத்தி, இனி இதை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். துய் மறைமாவட்டத்தின் ஆயரும், கிரனாடா அரச நீதிமன்றத்தின் தலைவருமான ராமிரெஸ் தெ ஃபுவென்லெயால் அவர். இறைவனின் யோவான் என்ற பெயரை உறுதிப்படுத்தித் தந்தவரும் அவரே.

அவரோடு முதலில் சேர்ந்தவர்களின் கதையும் போர்க்களக் கதை போலத்தான் இருக்கிறது. பேத்ரோ வெலாஸ்கோ என்பவர் ஒரு சண்டையில் அந்தோன் மார்த்தின் என்பவரின் சகோதரரைக் கொன்றுவிட்டார். பழிவாங்கத் துடித்த அந்தோன், வழக்கை விடாமல் நடத்தி வெலாஸ்கோவைத் தூக்கில் ஏற்றக் காத்திருந்தார். யோவான் அவரைத் தெருவில் சந்தித்து, சிலுவையைக் காட்டி மன்றாடினார். ஒரு காலத்தில் தூக்குக் கயிற்றின் கீழ் நின்றவர் அல்லவா! அந்தோன் மனம் இளகி, சிறைக்கே போய்ப் பகைவரை மன்னித்தார். கொன்றவரும் கொல்லப்பட்டவரின் சகோதரரும் ஒரே மருத்துவமனையில், ஒரே உடையில், அருகருகே நின்று நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள்.

1549ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள் அரச மருத்துவமனை தீப்பற்றியது. பத்து ஆண்டுகளுக்கு முன் யோவான் கட்டுண்டு கிடந்த அதே கட்டடம். நகரமே திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் உள்ளே பாய்ந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். தானே எழ முடியாத நோயாளிகளை ஒருவர் பின் ஒருவராகச் சுமந்து வெளியே கொண்டுவந்தார். அதன்பிறகும் மேல்தளத்துக்கு ஏறி, படுக்கைகளையும் போர்வைகளையும் சன்னல் வழியாக வெளியே எறிந்தார். நெருப்பு சூழ்ந்து, அவர் இறந்துவிட்டார் என்றே கீழே நின்றவர்கள் நினைத்தார்கள். புகைக்குள்ளிருந்து புருவம் கருகியவராக வெளியே வந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் ஹெனில் ஆற்றில் வெள்ளம் வந்தது. வெள்ளம் அடித்துவந்த விறகைத் தம் ஏழைகளுக்காகச் சேகரிக்கப் போனவர், நீரில் விழுந்த ஓர் இளைஞனைக் காப்பாற்றக் குளிர்ந்த ஆற்றில் இறங்கினார். இளைஞனைக் காப்பாற்ற முடியவில்லை. யோவான் கடும் காய்ச்சலோடு படுத்தார். அவரது நிலையைக் கண்ட ஆனா ஓசோரியோ என்ற சீமாட்டி, வற்புறுத்தித் தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று பராமரித்தார். நோயாளிகளைவிட்டுப் பிரிய மனமில்லாமல் அழுதுகொண்டே அவர் போனார். பேராயர் பேத்ரோ குவெரேரோ பார்க்க வந்தபோது, தம் மனத்தை அழுத்தும் கவலைகளை யோவான் சொன்னார். அவற்றில் ஒன்று கடன். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் பேராயரிடம் கொடுத்தார். அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொள்வதாகவும், ஏழைகளைக் கைவிடப்போவதில்லை என்றும் பேராயர் உறுதி கூறினார். 1550ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று விடியும் வேளையில், படுக்கையிலிருந்து எழுந்து முழந்தாட்படியிட்டு, சிலுவையைப் பிடித்தபடி யோவான் உயிர் துறந்தார். அவருக்கு 55 வயது.

மருத்துவமனைப் பொறுப்பு அந்தோன் மார்த்தினிடம் வந்தது. அவர் மத்ரித் நகரிலும் ஒரு மருத்துவமனை தொடங்கி 1553ஆம் ஆண்டில் இறந்தார். அந்த நகரின் சுரங்க இரயில் நிலையம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யோவான் சபை எதையும் எழுதி நிறுவவில்லை. 1572ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அவருடைய சகோதரர்களின் குழுவை ஏற்பிசைவு செய்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் அந்தச் சகோதரர்கள் போர்க்கள மருத்துவமனைகளிலும் கப்பற்படை மருத்துவமனைகளிலும் காயமுற்றோரைப் பராமரித்தார்கள். பாரிசுக்கு அருகில் சாரெந்தோன் என்ற இடத்தில் 1641ஆம் ஆண்டு தொடங்கிய அவர்களது இல்லம், மனநோயாளர் பராமரிப்பில் பெயர்பெற்றது. யோவானுக்கு 1690ஆம் ஆண்டு புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இரண்டு புனிதர்களைப் பாதுகாவலராக அறிவித்தார். ஒருவர் யோவான். மற்றவர் இத்தாலியரான கமில்லஸ். அவரும் வெனிஸ் நகரப் படையில் இருந்தவர், சூதாட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தவர், காலில் ஆறாத புண்ணோடு இறுதிவரை வாழ்ந்தவர். இரண்டு பேரும் பழைய படைவீரர்கள்.

அவரது சபையினர் இன்று 50க்கும் மேற்பட்ட நாடுகளில் பணியாற்றுகிறார்கள். நம் நாட்டில், தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மலைப்பகுதியில் உள்ள கட்டப்பனையில், செர்மனி நாட்டைச் சேர்ந்த சகோதரர் ஃபார்ச்சுனாட்டஸ் வளர்த்த மருத்துவமனையை நம் மக்களில் பலர் அறிவார்கள். கைவிடப்பட்டவர்களையும் மனநலம் குன்றியவர்களையும் தேடிப்போன அவர் 2005ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். கிரனாடாவில், யோவானைக் கட்டிவைத்து அடித்த அரச மருத்துவமனை இப்போது அந்நகரப் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம். அவர் இறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவரது எலும்புகள், அவர் பெயரால் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பேராலயத்தில் பொன்னும் வெள்ளியும் இழைத்த பீடத்தின் மேல் வைக்கப்பட்டிருக்கின்றன.